கதிர்வீச்சுச் சிகிச்சை: நீங்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்



சில மாதங்களுக்கு முன் ஒரு அண்ணா வைத்தியசாலைக் கடிதம் ஒன்றோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆறு கிழமைகளுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ரேடியோதெரபி எடுக்கவேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. இரண்டு நாள் போய்விட்டு மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டோம். முதலில் "பஸ் காசு இல்லை" என்றார். பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "கரண்ட் பிடிக்கப்போகினம் எண்டு தெரிஞ்சவை சொன்னவை. முகத்தில ஒரு கவசத்தைப் போட்டு, மேசையோட சேர்த்துப் பூட்டிப்போட்டு, எல்லாரும் வெளியில போட்டினம். எனக்கு அங்க இருந்த ஞாபகம் வந்திட்டுது."

"அங்க" என்றால் எங்கே என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இவரைப் போல் பயத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல், சிகிச்சையை இடையில் விடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த இதழில் கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி எழுதுகிறோம். இதில் உள்ள விபரங்கள் பிரித்தானியாவில் வசிப்பவர்களுக்கானவை.

இது கரண்ட் இல்லை

எங்கட ஊரில் இந்தச் சிகிச்சையைக் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்லுவார்கள். அந்தச் சொல்லே பலரைப் பயப்படுத்துகிறது. உங்கள் உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்படுவதில்லை. அதிர்ச்சி எதுவும் இல்லை. எக்ஸ்ரே படம் எடுக்கும்போது வரும் கதிர் போன்றதுதான் இதுவும். ஆனால் பல மடங்கு சக்தி கூடியது. அந்தக் கதிர் புற்றுநோய்க் கலங்களுக்குள் இருக்கும் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகிறது. சேதமடைந்த கலம் மேலும் பெருக முடியாமல் அழிந்துபோகிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல கலங்களிலும் கொஞ்சம் கதிர் படும். ஆனால் நல்ல கலங்கள் தங்களைத் திருத்திக்கொள்வதில் கெட்டிக்காரர். அவற்றுக்கு அந்த நேரத்தைக் கொடுப்பதற்காகத்தான் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இந்த இயந்திரத்துக்கு லினியர் அக்ஸிலரேட்டர் என்று பெயர். சுருக்கமாக "லினாக்" என்பார்கள். உலகில் முதன்முதலில் இதனால் நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை கொடுத்தது 1953 இல், லண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில். புற்றுநோய் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு பயன்படக்கூடியது.

"மகரகமவுக்குப் போய்க் கரண்ட் பிடிச்சவை தப்பேல்லை" என்று சொல்பவர்களும் உண்டு. யுத்த காலத்தில் வடக்கிலிருந்து மகரகமவுக்குப் போவது சாதாரண காரியமாக இருக்கவில்லை. நோய் முற்றிய பிறகே போய்ச் சேர்ந்தவர்கள் பலர். அவர்களின் கதையை வைத்து உங்கள் சிகிச்சையைக் கணக்குப் பார்க்காதீர்கள். அதிலும் எத்தனையோ பேர் சுகமாகி வந்து, அதை வெளியில் சொல்லாமல் வாழ்ந்தார்கள்.

யார் இந்த வைத்தியர்?

பிரித்தானியாவில் கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தீர்மானிப்பவரை "கிளினிக்கல் ஒன்கொலொஜிஸ்ட்" என்று அழைப்பார்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இவருக்கு "ரேடியேஷன் ஒன்கொலொஜிஸ்ட்" என்று பெயர். இங்கே இவர் கதிர்வீச்சோடு கீமோதெரபி போன்ற மருந்துகளையும் கொடுப்பார்.

இந்த இடத்துக்கு வர நீண்ட காலம் எடுக்கும். மருத்துவப் பட்டம் ஐந்து அல்லது ஆறு வருடம். பிறகு இரண்டு வருட அடிப்படைப் பயிற்சி. அதன்பின் பொது மருத்துவத்தில் சில வருடங்கள். கடைசியாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏறத்தாழ ஐந்து வருட விசேட பயிற்சி. ரோயல் கொலிஜ் ஒவ் ரேடியோலொஜிஸ்ட்ஸ் நடத்தும் பரீட்சைகளில் பௌதிகம், புள்ளிவிபரவியல், கலங்களில் கதிர் என்ன செய்யும் என்ற பாடம் எல்லாம் உண்டு.

"டொக்டரை ஒரு நாளும் காணேல்லை, பிள்ளையள்தான் மெஷினை இயக்கினம்" என்று சிலர் குறைப்படுகிறார்கள். டொக்டரின் வேலையில் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஸ்கான் படங்களைக் கணினியில் துண்டு துண்டாகப் பார்த்து, நோய் எங்கே, காப்பாற்றவேண்டிய உறுப்பு எங்கே என்று கோடு கீறுபவர் அவர்தான். எத்தனை "கிரே" அளவு, எத்தனை நாள் என்று எழுதுபவரும் அவரே. பிறகு மருத்துவப் பௌதிகவியலாளர்கள் கணக்குப் பார்த்துச் சரிபிழை பார்ப்பார்கள். தினமும் உங்களை மேசையில் படுக்கவைத்து இயந்திரத்தை இயக்குபவர்கள் "தெரபி ரேடியோகிராபர்". இவர்கள் இதற்கென்றே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்கள். சந்தேகம் இருந்தால் டொக்டரைக் காணும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ரேடியோகிராபரைக் கேளுங்கள்.

எப்படி நடக்கும்?

முதலில் திட்டமிடும் ஸ்கான். சிகிச்சையின்போது எப்படிப் படுக்கவேண்டுமோ அப்படியே உங்களைப் படுக்கவைத்து சீ.ரி. ஸ்கான் எடுப்பார்கள். பல வைத்தியசாலைகளில் தோலில் ஊசிமுனை அளவில் சில புள்ளிகளைப் பச்சை குத்துவார்கள். அவை அழியாது, ஆனால் மிகச் சிறியவை. ஒவ்வொரு நாளும் கதிர் அதே இடத்தில் படவேண்டும் என்பதற்காகத்தான் இது. சில இடங்களில் பச்சை குத்தாமல் கமராவாலேயே சரிபார்க்கிறார்கள். விருப்பம் இல்லாவிட்டால் வேறு வழி உண்டா என்று கேட்கலாம்.

அதன்பின் திட்டம் தயாராகச் சில நாட்களோ ஓரிரு கிழமைகளோ ஆகலாம். "என்னை மறந்திட்டினம்" என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் பத்து முதல் முப்பது நிமிடம் வரை அறையில் இருப்பீர்கள். அதில் பெரும்பகுதி உங்களைச் சரியாகப் படுக்கவைப்பதற்கே போகும். கதிர் வருவது சில நிமிடங்கள்தான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோகுமா?
சிகிச்சை நடக்கும்போது நோகாது, சுடாது. இயந்திரம் உங்களைச் சுற்றி நகரும், சத்தம் போடும், உங்களைத் தொடாது. சில நாட்களின்பின் தோல் எரிச்சல், களைப்பு போன்றவை தொடங்கலாம்.

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கலாமா?
தூக்கலாம். ஒரே கட்டிலில் படுக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம். வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிர், இயந்திரம் நின்றவுடன் முடிந்துவிடும். உங்கள் உடம்பில் எதுவும் தங்காது. சில சிகிச்சைகள் வேறு மாதிரி, உதாரணமாக: தைரொயிட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிரியக்க அயடீன், உடம்புக்குள் நிரந்தரமாக வைக்கும் கதிர் விதைகள். அவற்றில் குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் எவ்வளவு காலம் நெருங்கி இருக்கக்கூடாது என்று எழுத்தில் தருவார்கள். அதன்படி நடவுங்கள்.

ஆபத்து இல்லை என்றால் அவர்கள் ஏன் அறையை விட்டுப் போகிறார்கள்?
நியாயமான கேள்வி. உங்களுக்கு அந்தக் கதிர் மருந்து. அவர்களுக்கு நோய் இல்லை. ஆனால் தினமும் பல நோயாளிகளோடு வருடக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அறைக்குள் நின்றால் தேவையில்லாத கதிர் சேர்ந்துகொண்டே போகும். வெளியில் நின்றாலும் கமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் பேசினால் கேட்கும்.

முடி கொட்டுமா?
கதிர் படும் இடத்தில் மட்டும் கொட்டலாம். மார்பில் சிகிச்சை எடுத்தால் தலைமுடி கொட்டாது. எல்லா முடியும் கொட்டுவதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் கீமோதெரபி எடுத்தவர்களைத்தான் பார்த்திருப்பார்கள்.

தோலுக்கு என்ன செய்யலாம்?
இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடையுங்கள். தளர்வான பருத்தி உடுப்புப் போடுங்கள். கதிர் படும் இடத்தில் மஞ்சள், சந்தனம், சித்தாலேப போன்ற தைலங்களைப் பூசவேண்டாம். எந்தக் கிறீம் என்றாலும் முதலில் கேளுங்கள். எங்கள் நிறத் தோலில் சிவப்பு எளிதாகத் தெரியாது. தோல் கறுத்துவரலாம், இறுகலாம், சுடுவது போல் இருக்கலாம். தாதி பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னாலும், எரிகிறது என்றால் எரிகிறது என்று சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து ஒரு கிழமை, பத்து நாள் வரை தோல் இன்னும் மோசமாகிவிட்டுப் பிறகுதான் ஆறத் தொடங்கும். கழுத்திலோ மார்பிலோ சிகிச்சை என்றால் தாலிக்கொடியைக் கழற்றச் சொல்வார்கள். வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டுப் போங்கள்.

பத்தியம் காக்கவேண்டுமா?
வேண்டாம். உடம்பு தன்னைத் திருத்திக்கொள்ளச் சாப்பாடு தேவை. நிறை குறையாமல் பார்ப்பதுதான் முக்கியம். வாய், தொண்டையில் சிகிச்சை என்றால் உறைப்பும் புளியும் எரியும். இடியப்பமும் சொதியும், கஞ்சி, நன்றாகக் குழைத்த சோறு, முட்டை போன்றவை நல்லது. விழுங்கவே முடியாமல் போனால் மறைக்காமல் சொல்லுங்கள், உணவு ஆலோசகரிடம் அனுப்புவார்கள். கறிக்குப் போடும் மஞ்சளால் பிரச்சினை இல்லை. மஞ்சள் குளிசை, ஊரிலிருந்து வரும் கசாயம், சூரணம் என்றால் டொக்டரிடம் காட்டிவிட்டு எடுங்கள். விரதம் பிடிப்பதாக இருந்தாலும் முதலில் கேளுங்கள். வெற்றிலை பாக்கையும் சிகரெட்டையும் விடுங்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2004 இல் வகைப்படுத்தியது. புகைத்தால் சிகிச்சையின் பலன் குறையும், பக்கவிளைவு கூடும்.

அவவுக்கு ஐந்து நாள், எனக்கு ஏன் ஆறு கிழமை?
நோயும் இடமும் வேறு. மார்பகப் புற்றுநோய்க்கு மூன்று கிழமையில் 15 தடவை கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஒரு கிழமையில் 5 தடவை கொடுத்தாலும் பலன் குறையாது என்று 2020 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்று காட்டியது. அதன்பின் பலருக்கு ஐந்து நாளில் முடிகிறது. எலும்பில் பரவிய நோயின் நோவைக் குறைக்க ஒரே ஒரு தடவை போதுமானதாக இருக்கலாம். தொண்டை, கழுத்துப் பகுதிக்கு ஆறு, ஏழு கிழமைகள் எடுக்கலாம். நாள் குறைவு என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றோ, கூட என்றால் நோய் முற்றிவிட்டது என்றோ அர்த்தம் இல்லை.

இனிப் பிள்ளை பெறலாமா?
வயிற்றின் கீழ்ப்பகுதியில் சிகிச்சை என்றால் இதைத் தொடங்கமுன்பே கேளுங்கள். விந்து, முட்டை ஆகியவற்றை முன்கூட்டியே சேமித்துவைக்க வழிகள் உண்டு. பிறகு கேட்டால் பிந்திவிடும். சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக்கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்று சிறு சந்தேகம் இருந்தாலும் உடனே சொல்லுங்கள். குடும்பத்தவர் முன்னால் பேச வெட்கமாக இருந்தால் "தனியாகப் பேசவேண்டும்" என்று கேட்கலாம்.

முகக்கவசமும் பழைய நினைவுகளும்

மேலே சொன்ன அண்ணாவின் விடயத்துக்கு வருவோம். தலை, கழுத்துப் பகுதியில் சிகிச்சை எடுப்பவர்களுக்கு வலைபோன்ற பிளாஸ்டிக் கவசம் செய்வார்கள். சுடுதண்ணீரில் இளக்கி முகத்தில் வைக்க, சில நிமிடத்தில் உங்கள் முகத்தின் வடிவத்தில் இறுகும். மூச்சுவிடுவதற்கு நிறைய ஓட்டைகள் உண்டு. அதை மேசையோடு பொருத்துவது தலை ஒரு சில மில்லிமீற்றர்கூட அசையாமல் இருப்பதற்காக. இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தடுப்பில் இருந்தவர்களுக்கு, சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கு, அந்தக் கவசமும் மேசையும் மூடிய கதவும் வேறு ஒன்றை நினைவுபடுத்தலாம். அப்படி நினைவு வருவது உங்கள் பலவீனம் இல்லை.

முழுக் கதையையும் சொல்லவேண்டியதில்லை. ஒரு வசனம் போதும்: "எனக்கு முன்பு நடந்த சம்பவங்களால் கட்டிவைப்பதும் தனி அறையில் விடுவதும் தாங்க முடியாது." இதை முதல் நாளே மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்லுங்கள். அதன்பிறகு பின்வருவனவற்றைக் கேட்கலாம்:

- சிகிச்சைக்கு முன் ஒரு நாள் வந்து அறையையும் கவசத்தையும் பார்க்கலாமா?
- கவசத்தில் கண், வாய்ப் பகுதியை வெட்டித் திறக்கமுடியுமா?
- கையை உயர்த்தினால் உடனே நிறுத்துவீர்களா? (நிறுத்துவார்கள். கவசத்தையும் சில விநாடிகளில் கழற்றிவிடலாம். கதவைத் திறந்தாலே கதிர் தானாக நின்றுவிடும்.)
- எனக்குப் பிடித்த பாட்டுப் போடலாமா? எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஒலிபெருக்கியில் சொல்வீர்களா?
- பதற்றம் குறைய மருந்து தரலாமா?
- பெண் ரேடியோகிராபர் வேண்டும் என்று கேட்கலாமா? (கேட்கலாம். எப்போதும் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. ஆனால் உங்களோடு பெண் ஒருவரைத் துணைக்கு நிற்கச் சொல்லிக் கேட்கலாம்.)

அந்த அண்ணாவுக்காக எங்கள் உத்தியோகத்தர் அன்றைக்கே வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தார். கண் பகுதியை வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு ரேடியோகிராபர் "இன்னும் இரண்டு நிமிடம்", "இன்னும் ஒரு நிமிடம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார். தவறிய நாட்களையும் ஈடுசெய்தார்கள். சிகிச்சையை முடித்துவிட்டார்.

உடம்பில் ஷெல் துண்டு இருந்தால்

இது எங்கள் சமூகத்தில் பலருக்கு உள்ள விடயம். ஷெல் துண்டு, சன்னம், எலும்பில் வைத்த தகடு எதுவாக இருந்தாலும் ஸ்கானுக்கு முன்பே சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் பலமான காந்தத்தால் வேலை செய்வது. இரும்புத் துண்டு உள்ளே நகர்ந்து காயப்படுத்தலாம். கண்ணுக்கு அருகில் இருந்தால் மிகவும் ஆபத்து. சீ.ரி. ஸ்கானில் உலோகம் படத்தைக் குழப்பும். கதிரின் அளவைக் கணக்கிடும்போது அதையும் பார்க்கவேண்டும். "இருபது வருஷமா ஒண்டும் செய்யேல்லை" என்று சொல்லாமல் விடாதீர்கள். எப்படிக் காயப்பட்டது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பமில்லாவிட்டால், எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஒரு நாள் விட்டால் என்ன?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதாக இருந்தால் இதை வைத்திருங்கள். காரணம் எதுவானாலும், சொல்லாமல் நாளைத் தவறவிடாதீர்கள். சிகிச்சை இழுபட இழுபடத் தப்பியிருக்கும் புற்றுநோய்க் கலங்கள் மீண்டும் பெருகத் தொடங்கும். தொண்டை, கழுத்து, கருப்பை வாசல், நுரையீரல் போன்ற சில புற்றுநோய்களில் மொத்தக் காலம் இரண்டு நாளுக்கு மேல் நீளாமல் பார்க்கவேண்டும் என்பது இங்குள்ள வைத்தியர்களுக்கான வழிகாட்டல். தவறிய நாளை ஈடுசெய்ய வழி உண்டு: சனிக்கிழமை கொடுப்பார்கள், அல்லது ஒரே நாளில் ஆறு மணித்தியாலமாவது இடைவெளி விட்டு இரண்டு தடவை கொடுப்பார்கள். நீங்கள் சொன்னால்தான் அதைச் செய்யலாம்.

ஹோம் ஒபிஸ் நேர்முகம், கையெழுத்து வைக்கப் போகும் நாள், நீதிமன்றம் போன்றவை சிகிச்சை நாளோடு மோதினால், வைத்தியசாலையிலிருந்து சிகிச்சை அட்டவணையோடு ஒரு கடிதம் வாங்கி உங்கள் சொலிசிட்டரிடம் உடனே கொடுங்கள். பெரும்பாலும் நேரத்தை மாற்றக் கேட்கலாம். பதில் வரும்வரை நீங்களாகவே எதையும் விட்டுவிட வேண்டாம். சிகிச்சையின் நடுவில் வேறு நகரத்துக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்தால் அன்றைக்கே எங்களுக்கும் வைத்தியசாலைக்கும் சொல்லுங்கள். சிகிச்சை முடியும்வரை மாற்றத்தைப் பிற்போடக் கேட்கமுடியும்.

மொழிபெயர்ப்பாளர்

என்.எச்.எஸ். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளருக்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. "தமிழ்" என்று முன்கூட்டியே சொல்லிப் பதியுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பேசவிட வேண்டாம். பதினாலு வயதுப் பிள்ளை அம்மாவின் நோயைத் தன் வாயால் அம்மாவுக்குச் சொல்வது எவ்வளவு பாரம் என்று யோசியுங்கள். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, தாங்கமாட்டா" என்று சில குடும்பங்கள் மறைக்கப் பார்க்கின்றன. ஒப்புதல் கையெழுத்து வைக்கவேண்டியவர் அவதான். விளங்காமல் வைக்கும் கையெழுத்தால் யாருக்கும் நன்மை இல்லை.

காசு, பயணம், மருந்து

- அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கும், அகதி விண்ணப்பமோ மேன்முறையீடோ நிலுவையில் உள்ளவர்களுக்கும் வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம்.
- இங்கிலாந்தில், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு ஹோம் ஒபிஸ் உதவியும் பெறாதவரிடம் கட்டணம் கேட்கலாம். ஆனால் நிராகரிக்கப்படமுன் இலவசமாகத் தொடங்கிய சிகிச்சை முடியும்வரை இலவசமாகவே தொடரும். அவசரமான சிகிச்சையைக் காசு கட்டவில்லை என்று நிறுத்திவைக்கக்கூடாது. பில் வந்தால் ஒளித்து வைக்காமல் எங்களிடம் கொண்டுவாருங்கள். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நிராகரிக்கப்பட்டவர்களுக்கும் இலவசம்.
- எச்.சி.2 சான்றிதழ் உள்ளவர்கள் வைத்தியசாலைக்குப் போய்வரும் பயணக் காசைத் திருப்பிக் கேட்கலாம். ரிக்கற்றுகளைச் சேர்த்துவையுங்கள். மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும்.
- இங்கிலாந்தில் 2009 முதல் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மருந்துச் சீட்டு இலவசம். எப்.பி.92ஏ படிவத்தை ஜீ.பி. அல்லது வைத்தியசாலையில் கேளுங்கள். மற்றப் பகுதிகளில் எல்லோருக்கும் இலவசம்.
- மக்மில்லன் புற்றுநோய் உதவித் தொலைபேசி 0808 808 00 00. இலவசம். எடுத்தவுடன் ஆங்கிலத்தில் "டமில்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

கதிர்வீச்சோடு கீமோதெரபியும் எடுப்பவர்களுக்கு 37.5 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்காமல், வைத்தியசாலை தந்த 24 மணிநேர இலக்கத்துக்கு உடனே எடுக்கவேண்டும். அந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் நோய்க்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியரே சொல்லவேண்டும். கடிதம் விளங்கவில்லை, தொலைபேசியில் பேசப் பயமாக இருக்கிறது, துணைக்கு ஒருவர் வேண்டும் என்றால் ஆலோசனை நாட்களில் வாருங்கள். கடிதத்தையும் அட்டவணையையும் மறக்காமல் கொண்டுவாருங்கள். என்ன கேள்வி என்றாலும் கேளுங்கோ, வெட்கப்பட வேண்டாம்.